மருத்துவமனையில் ஆறு நாள்: பதிவேடுகள் சொல்லும் பாடம்

மருத்துவமனை என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர்கள் யார்? மருத்துவர் வருவார்; செவிலியர் வருவார்; ஊசி போடுபவரும் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்ப்பவரும் வருவார்கள். இவர்களோடு இன்னும் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதில்லை. அவர் யாருடைய நாடியையும் பிடித்துப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால், ஒருவருடைய இரத்த வகை வேறொருவருடைய தாளில் ஏறிவிடும். அவர்தான் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் ஊழியர். அவருடைய துறைக்கு இன்று மருத்துவமனைத் தகவல் மேலாண்மை என்று பெயர்.

இது தனியாகக் கற்க வேண்டிய ஒரு தொழில். 1961-ல் நிறுவப்பட்ட மத்திய நலவாழ்வுப் புள்ளிவிவர அமைப்பு, மருத்துவப் பதிவேட்டு அலுவலர்களுக்கென்று பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தியது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் இத்தகைய பயிற்சிக்குப் பெயர் பெற்ற இடம்.

மாணவ நண்பர்களே, நீங்கள் அறிவியலில் பட்டம் பெற்று, சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம், திருச்செங்கோடு என்று நாலா திசைகளிலிருந்தும் பேருந்து பேருந்தாக நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். உங்களுக்கு ஆறு நாள் வேலை. நாளைக்கு ஒரு பாடம். இவற்றைப் புரிந்துகொள்ள உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

திங்கள்: ஒருவருக்கு ஓர் எண்

காலை எட்டு மணிக்கே சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. "பேர் என்னங்க?" என்று கேட்கிறீர்கள். "பழனிசாமி" என்கிறார் ஒருவர். அன்று மட்டும் அவர் நான்காவது பழனிசாமி! நம் பக்கத்தில் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் உண்டு. அதுவும் இருவருக்கு ஒன்றாக இருந்துவிடலாம். வயதைக் கேட்டால், "அறுபது இருக்குமுங்க" என்பார். வயதை 50, 55, 60 என்று முழுமையாக்கிச் சொல்லும் பழக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலேயே தெரியவந்த ஒன்று. ஆகவே பெயரும் வயதும் ஒருவரை அடையாளம் காட்டப் போதா. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை எக்காலத்திலும் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

எண்ணை எழுதும்போதும் கை தவறலாமே? தவறலாம். மனிதர் செய்யும் பிழைகளில் இரண்டு மிகவும் சாதாரணமானவை. ஒன்று, ஓர் இலக்கத்தை மாற்றி எழுதுவது. மற்றொன்று, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. இவ்விரண்டையும் பிடித்துவிட ஓர் அழகான உபாயம் உண்டு. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர்.

நோயாளியின் எண் 47192 என்று கொள்வோம். இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்தையும் முறையே 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்.

4 × 6 = 24
7 × 5 = 35
1 × 4 = 4
9 × 3 = 27
2 × 2 = 4
மொத்தம் = 94

94-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-லிருந்து இந்த 6-ஐக் கழித்தால் 5. இந்த 5-ஐ எண்ணின் கடைசியில் சேர்த்து, 471925 என்று சீட்டில் எழுதுகிறோம். மீதி 0 வந்தால் 0-வையே சேர்ப்பார்கள். மீதி 1 வந்தால் 10 என்ற ஈரிலக்கம் கிடைக்கும். அத்தகைய எண்ணை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

இனி எழுதுபவர் அவசரத்தில் 7-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றி 417925 என்று எழுதிவிட்டார் என்க. மீண்டும் கணக்கிடுங்கள்: 24 + 5 + 28 + 27 + 4 = 88. கடைசி இலக்கமான 5-ஐயும் கூட்டினால் 93. சரியான எண்ணாக இருந்தால் இக்கூட்டுத்தொகை 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 93 வகுபடவில்லை. எண் தவறு என்று கணிப்பொறி உடனே சொல்லிவிடும்.

ஏன் 11? அது ஒரு பகா எண். ஓர் இலக்கம் மாறினால் கூட்டுத்தொகை எவ்வளவு மாறும்? இலக்கத்தின் வேறுபாட்டை அதற்குரிய பெருக்கியால் பெருக்கிய அளவு மாறும். இவ்விரண்டுமே 11-ஐ விடச் சிறியவை. ஆகவே அவற்றின் பெருக்கல் 11-ன் மடங்காக இருக்க முடியாது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலோ, அவ்விரு இலக்கங்களின் வித்தியாசம் அளவுக்கே கூட்டுத்தொகை மாறும். அதுவும் 11-ஐ எட்டாது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை தரும் பத்திலக்க நோயாளி எண்ணின் கடைசி இலக்கம் இந்த முறையில்தான் அமைகிறது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமே. அதைக் கணக்கிடும் முறை வேறு.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பழனிசாமியின் சரியான எண்ணை, வேறொரு பழனிசாமியின் இரத்தக் குப்பியில் ஒட்டிவிட்டால் எந்தக் கணக்கும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவேதான் செவிலியர் ஒவ்வொரு முறையும் பெயரையும் கேட்கிறார், எண்ணையும் பார்க்கிறார். பத்து தடவை கேட்கிறாரே என்று அவரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்: வைத்த இடத்தில் எடுக்க வேண்டும்

இன்று உங்களைப் பழைய தாள்கள் அடுக்கியிருக்கும் அறைக்கு அனுப்புகிறார்கள். ஆறிலக்க எண்கள் கொண்ட கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கலாமே என்று தோன்றும். அப்படி அடுக்கினால் புதிய நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் கடைசி அலமாரியிலேயே சேரும். அடிக்கடி தேவைப்படுபவையும் அவைதாம். ஆகவே கடைசி அலமாரியின் முன் நான்கு பேர் முட்டிக்கொண்டு நிற்க, முதல் அலமாரியில் தூசி படியும்.

இதற்கு வழி, எண்ணை வலப்புறத்திலிருந்து படிப்பது! 31-58-07 என்ற கோப்பை 07 என்ற பிரிவில் வைக்கிறோம், அதற்குள் 58, அதற்குள் 31. அடுத்த நோயாளியின் 31-58-08, பக்கத்துப் பிரிவான 08-க்குப் போய்விடும். இவ்வாறு 00 முதல் 99 வரை நூறு பிரிவுகளும் ஒரே சீராக வளரும். நான்கு ஊழியர்கள் இருந்தால் ஆளுக்கு 25 பிரிவுகள். வேலையும் சமம், பொறுப்பும் தெளிவு. கோப்பு வெளியே போகும்போது அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகுவார்கள். என்று போனது, எந்த வார்டுக்குப் போனது என்பதை அந்த அட்டை சொல்லும்.

தாள் அறைகள் இப்போது மெல்ல மெல்லக் கணிப்பொறிக்குள் குடிபெயர்கின்றன. உலக வங்கியின் உதவியோடு 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் மூலம் நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கணிப்பொறிப் பதிவு முறை வந்தது. நாடு முழுவதற்குமான எண்ணியல் நலவாழ்வு இயக்கம் 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் கீழ், விரும்பும் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது.

கணிப்பொறி வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளை இணையத் திருடர்கள் தாக்கினார்கள். பல நாட்கள் சீட்டு எழுதுவது முதல் பரிசோதனை முடிவுகள் வரை யாவும் கையால் நடந்தன. ஆகவே, ஒரே பதிவை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று மற்றதோடு கம்பியால் இணைக்கப்படாததாக இருக்க வேண்டும். இது பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே மனத்தில் இருத்த வேண்டிய விதி.

புதன்: நோய்க்கு ஒரு குறியீடு

ஒரு மருத்துவர் "சர்க்கரை வியாதி" என்று எழுதுகிறார். மற்றொருவர் "நீரிழிவு" என்கிறார். மூன்றாமவர் அதையே ஆங்கிலத்தில் சுருக்கி இரண்டெழுத்தில் கிறுக்குகிறார். மூன்றும் ஒரே நோய்தான். ஆனால் எண்ணிக்கை எடுக்கும்போது மூன்றாகப் பிரிந்து போகும். ஆகவே உலகமெங்கும் ஒரே குறியீட்டைப் பயன்படுத்த முடிவு செய்தார்கள்.

இங்கிலாந்தின் வில்லியம் ஃபார் போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இதற்கு அடிகோலினர். பிரான்சின் ஜாக் பெர்த்தியோன் 1893-ல் மரணக் காரணங்களின் பட்டியல் ஒன்றை அளித்தார். அந்தப் பட்டியலின் வழித்தோன்றலே இன்று உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிடும் அனைத்துலக நோய் வகைப்பாடு. இதைச் சுருக்கமாக ஐ.சி.டி. என்பர். இதன் பத்தாம் பதிப்பில் ஓர் ஆங்கில எழுத்தும் அதையடுத்து எண்களும் வரும். நுரையீரல் காசநோய்க்கு ஏ 15, இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ 11, நச்சுப் பாம்பு தீண்டியதற்கு எக்ஸ் 20 என்று குறிப்பார்கள். பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

குறியீடு இடுவதில் மிகவும் கடினமானது மரணக் காரணம். குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. அந்த நஞ்சால் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. நான்காம் நாள் இதயம் நின்றுவிட்டது. மரணக் காரணம் என்று எதை எழுதுவீர்கள்? "இதயம் நின்றது" என்பது காரணமாகாது. இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். "சிறுநீரகச் செயலிழப்பு" என்பது இடையில் வந்த கண்ணி. சங்கிலியின் முதல் கண்ணி பாம்புக்கடி. அதையே அடிப்படைக் காரணம் என்கிறோம். மருத்துவர் மரணக் காரணச் சான்றிதழில் இச்சங்கிலியை முறைப்படி எழுதவேண்டும் என்பது பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 கூறும் கடமை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் எழுதினால், அரசு இரத்தச் சுத்திகரிப்புக் கருவிகளை வாங்கும். பாம்புக்கடி என்று எழுதினால், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நஞ்சுமுறி மருந்து போதிய அளவு இருக்கிறதா என்று கேட்கும். முன்னது நோய் முற்றிய பிறகு செய்யும் உதவி. பின்னது உயிர் போகாமல் தடுக்கும் உதவி. 2024-ல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்ததற்கும் இதுவே காரணம். எண்ணப்படாத துன்பத்துக்கு மருந்து ஒதுக்கப்படுவதில்லை.

வியாழன்: கட்டிலும் மேட்டூர் அணையும்

ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் ஒவ்வொரு வார்டிலும் இருக்கும் உள்நோயாளிகளை எண்ணிக் குறித்து வைப்பார்கள். காலையில் அக்குறிப்புகள் உங்கள் மேசைக்கு வரும். ஜூன் மாதத்தின் 30 இரவுக் கணக்குகளையும் கூட்டினால் 720 வருகிறது என்று கொள்வோம். இதை நோயாளி நாட்கள் என்பர். அந்த வார்டில் 30 கட்டில்கள் இருக்கின்றன. ஆகவே கிடைக்கக்கூடிய கட்டில் நாட்கள் 30 × 30 = 900. கட்டில் பயன்பாடு 720 ÷ 900, அதாவது 80 விழுக்காடு. அம்மாதத்தில் வார்டிலிருந்து வெளியேறியவர்கள் 144 பேர். ஒருவர் சராசரியாகத் தங்கியது 720 ÷ 144 = 5 நாட்கள்.

இதை இயற்பியல் கண்ணோடு பாருங்கள். மேட்டூர் அணையில் நீர்மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் ஒரு காலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது, நாளொன்றுக்கு வந்து சேரும் நீரின் அளவை, ஒரு துளி நீர் சராசரியாக அணையில் தங்கும் நாட்களால் பெருக்கினால், அணையிலுள்ள நீரின் அளவு கிடைக்கும். வார்டும் அப்படியே. நாளொன்றுக்கு வருபவர் 144 ÷ 30 = 4.8 பேர். தங்குவது 5 நாள். பெருக்கினால் 24. இரவுக் கணக்கின் சராசரியும் 720 ÷ 30 = 24 தானே! அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961-ல் இதைப் பொதுவிதியாக நிறுவினார். ரேஷன் கடை வரிசைக்கும் பேருந்து நிலையக் கூட்டத்துக்கும் இதே விதிதான்.

இவ்விதியால் என்ன பயன்? பரிசோதனை முடிவுகள் ஒரு நாள் முன்னதாக வந்து, தங்கும் காலம் 5 நாளிலிருந்து 4 நாளாகக் குறைகிறது என்க. அதே 720 நோயாளி நாட்களில் 720 ÷ 4 = 180 பேருக்குச் சிகிச்சை தரலாம். ஒரு கட்டில்கூடப் புதிதாக வாங்காமல் மாதம் 36 பேருக்குக் கூடுதலாக இடம் கிடைத்துவிட்டது! ஆனால் எச்சரிக்கை: குணமாகும் முன்பே வீட்டுக்கு அனுப்பியும் தங்கும் காலத்தைக் குறைக்கலாம். அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். ஆகவே திரும்பி வருவோரின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஓர் எண்ணைத் தனியே நம்பாதே என்பது இன்றைய பாடம்.

வெள்ளி: தொகுதியும் பகுதியும்

ஒரு மருத்துவமனையில் ஓராண்டில் 30 பேர் இறந்தனர். மற்றொன்றில் 6 பேர் இறந்தனர். எது நல்ல மருத்துவமனை? சட்டென்று இரண்டாவது என்று சொல்லிவிடாதீர்கள். முதலாவதில் சிகிச்சை பெற்றோர் 3,000. இறப்பு 1 விழுக்காடு. இரண்டாவதில் சிகிச்சை பெற்றோர் 200. இறப்பு 3 விழுக்காடு. பின்னத்தின் தொகுதியை மட்டும் சொல்லிப் பகுதியை மறைப்பவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். இதோடும் முடியவில்லை. கடும் நோயாளிகளையே பிற ஊர்களிலிருந்து அனுப்பிவைக்கும் பெரிய மருத்துவமனையில் இறப்பு விகிதம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே ஒப்பிடத் தக்கவற்றையே ஒப்பிட வேண்டும்.

அப்படிச் சரியாக ஒப்பிட்டு உலகையே மாற்றிய ஒரு பதிவேட்டுக் கதை உண்டு. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒரு நாள் வரும் தாய்மார் முதற் பிரிவுக்கு, மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவுக்கு என்று மாறி மாறிச் சேர்த்தனர். ஆகவே இரு பிரிவினரும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள். ஆனால் 1846-ன் பதிவேடு கூறியது என்ன?

முதற் பிரிவு: 4,010 பேறுகள், 459 தாய்மார் இறப்பு, 11.4 விழுக்காடு.
இரண்டாம் பிரிவு: 3,754 பேறுகள், 105 தாய்மார் இறப்பு, 2.8 விழுக்காடு.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இந்த வேறுபாட்டைப் பார்த்து உறக்கமிழந்தார். பிணங்களை அறுத்துப் பயின்ற கைகளோடு மாணவர்கள் பேறுகால அறைக்கு வந்ததே காரணம் என்று கண்டார். 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். 1848-ல் முதற் பிரிவில் 3,556 பேறுகளில் இறந்தவர் 45 பேர் மட்டுமே; அதாவது 1.3 விழுக்காடு. நோய்க்கிருமிக் கொள்கை நிலைநாட்டப்படாத காலம் அது. கிருமியைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதன் தடத்தைப் பதிவேட்டில் பார்த்துவிட்டார் அவர்.

சனி: நம் மாவட்டத்தின் கணக்கு

இந்த வாரத்தில் கற்றவை எல்லாவற்றையும் இன்று நம் சொந்த மண்ணில் பொருத்திப் பார்க்க வேண்டும். உங்கள் முன் பிறப்புப் பதிவேடு இருக்கிறது. ஒரு வாரத்தில் 20 பிறப்புகள். அவற்றில் ஆண் 12, பெண் 8. பெண் குழந்தைகள் ஏன் குறைவு என்று உடனே பதறலாமா? கூடாது. இயற்கையில் 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றன. எனவே 20-ல் ஏறக்குறைய 10 பெண்களை எதிர்பார்க்கலாம். ஆனால் தற்செயலால் ஏற்படும் ஏற்ற இறக்கம் எவ்வளவு? மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. 20-ன் வர்க்கமூலம் சுமார் 4.5, அதில் பாதி 2.2. ஆகவே 8 என்பது முற்றிலும் இயல்பே.

இனி பெரிய எண்ணுக்கு வாருங்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்று நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 849 பேரே. தமிழ்நாடு முழுவதற்கும் இவ்விகிதம் 948. இந்த 849 தற்செயலாக இருக்குமா? 10,000 குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இயற்கை விகிதப்படி பெண்கள் சுமார் 4,872 பேர் இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் 100-ல் பாதி, அதாவது 50. ஆனால் 849 என்ற விகிதப்படி இருப்பவர்களோ 4,592 பேர்தாம். குறைவு 280, ஏற்ற இறக்கத்தைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். மாவட்டத்தில் இருந்த குழந்தைகளோ பத்தாயிரத்தைப் போலப் பல மடங்கு. தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை.

பெண் குழந்தைகள் எங்கே போயினர்? இயற்கையில், பிறந்த முதல் வாரங்களில் ஆண் குழந்தைகளே சற்று அதிகமாக இறக்கின்றன. பெண் குழந்தைகளின் இறப்பு அதைவிட மிகுந்தால், அது நோயின் வேலையன்று, மனிதர் வேலை. 1990-களின் நடுவில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருந்த குழந்தை இறப்புப் பதிவுகளில் ஒரு காரணம் மீண்டும் மீண்டும் வந்தது: "சமூகக் காரணம்". அது பெண் சிசுக்கொலையைக் குறித்த மறைமொழி. வெளிப்படையாக எழுதத் தயங்கிய சொல்தான். ஆனாலும் அந்தக் கட்டம் காலியாக விடப்படவில்லை. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் அப்பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டனர். சேலம், தர்மபுரி, மதுரை வட்டாரங்களில் கொடுமை எந்த அளவில் நடந்தது என்பது அதனால் எண்களில் தெரிந்தது. ஊரில் நடப்பதைப் பலர் அறிந்திருந்தனர். ஆனால் "அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பது" என்று சொல்லி ஒதுக்க முடியாதபடி செய்தது கூட்டுத்தொகைதான்.

1992-ல் தமிழ்நாடு அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் சேலத்தில் தொடங்கியது. வளர்க்க இயலாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க அது வழி செய்தது. இதற்கிடையே, கருவிலேயே பெண் என்று அறிந்து அழிக்கும் கொடுமையும் புகுந்தது. அதைத் தடுக்க 1994-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. 2003-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு படிவத்தை முழுமையாக நிரப்பிப் பாதுகாக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. "வெறும் எழுத்து வேலைதானே, அதைச் செய்யாதது குற்றமாகுமா?" என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தப் படிவம் சட்டத்தின் உயிர்நாடி போன்றது என்ற நோக்கில், விதி செல்லும் என்று 2019-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேலம் மாவட்டத்தின் விகிதம் 2001-ல் 851. பத்தாண்டு முயற்சிக்குப் பின்னும் ஏறத்தாழ நகரவே இல்லை. 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. முன்னேற்றம் உண்டு, ஆனால் இயற்கையின் 950-ஐ அப்போதும் எட்டவில்லை. இதையும் பதிவேடுதான் சொல்கிறது.

ஒரு கேள்வி எழலாம். இப்படி எல்லாவற்றையும் எழுதி வைத்தால் ஒருவருடைய அந்தரங்கம் என்னாவது? மருத்துவப் பதிவேட்டின் பொன்விதி இதுதான்: ஒருவரைப் பற்றிய பதிவு இரகசியம், எல்லோரையும் கூட்டிய எண்ணிக்கை பொதுச்சொத்து. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நோய்க்கு வந்தார் என்பதைப் பயிற்சியாளர் தம் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் எண்ணியல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமைக்குச் சட்டத்தின் வலிமையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் மாவட்டத்தில் எத்தனை பெண் குழந்தைகள் பிறந்தன, எத்தனை பிழைத்தன என்பதை மறைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆய்வுக்கூடத்தில் அளவுகோலின் வாசிப்பைக் கண்ணில் கண்டபடி எழுதுங்கள், விடை சரியாக வரவேண்டும் என்பதற்காகத் திருத்தாதீர்கள் என்று உங்கள் ஆசிரியர் சொல்வார் அல்லவா? மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் அதே நேர்மைதான் அடிப்படை. சரியான எண், சரியான இடம், சரியான காரணம், சரியான பகுதி ஆகிய நான்கும் சேர்ந்தால், ஒரு தனி மனிதர் ஒருநாளும் காண முடியாததைப் பதிவேடு கண்டு சொல்லும்.

செய்து பாருங்கள்

1. நோயாளி எண் 30852. இதற்கான சரிபார்ப்பு இலக்கம் யாது?

2. ஒரு வார்டில் 40 கட்டில்கள். 30 நாட்களில் நோயாளி நாட்கள் 900. வெளியேறியவர் 225 பேர். கட்டில் பயன்பாடும் சராசரித் தங்கல் காலமும் எவ்வளவு?

3. ஒரு நாணயத்தை 20 முறை சுண்டித் தலை விழுவதை எண்ணுங்கள். வகுப்பில் உள்ள அனைவரும் இப்படிச் செய்து முடிவுகளை ஒன்றுசேருங்கள். 8 அல்லது அதற்குக் குறைவான தலைகள் எத்தனை பேருக்கு வந்தன? பிறகு எல்லோருடைய சுண்டல்களையும் ஒன்றாகக் கூட்டித் தலையின் விழுக்காட்டைக் காணுங்கள். சிறிய எண்ணின் தடுமாற்றமும் பெரிய எண்ணின் உறுதியும் உங்களுக்கே விளங்கும்.

விடைகள்: (1) கூட்டுத்தொகை 69, மீதி 3, எனவே இலக்கம் 8. (2) 75 விழுக்காடு, 4 நாட்கள். (3) ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு 8 அல்லது அதற்குக் குறைவாக வரும். மொத்தத்தில் தலை 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.